நாலு ரேமும் நல்லதுதான்

பாலுசாமி அந்தக் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டுதான் சூலூரிலிருந்து வந்தார். கீழே வைக்கவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். "கீழ வெச்சுக்கலாமுங்களே, எடம் கெடக்குதுங்களே." இவர் காதில் வாங்கவில்லை. எழுபத்தொரு வயசு, அந்த இரும்புப் பெட்டி ஒரு மூட்டை நூல் கனம் இருக்கும். பட்டறையில் பன்னிரண்டு தறி ஓடுகிறது, எட்டு ஆள் இருக்கிறார்கள், எவன் கையிலாவது கொடுத்தனுப்பியிருக்கலாம். கொடுத்தனுப்ப மாட்டார். போகிற வழியில் எவன் எதைக் கழற்றிக்கொள்வான் என்று யார் கண்டது?

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு சந்துக்குள் சஹீரின் கடை. மூன்று வருசத்துக்கு முன்னால் இதை வாங்கினதும் அங்கேதான். சஹீருக்கு நாற்பது வயது, பொறுமைக்காரன். பழைய வேட்டியில் சுற்றின பெட்டியைப் பார்த்ததும் எழுந்து வந்து வாங்கி மேசைமேல் வைத்தான்.

"வாங்கய்யா. என்ன பண்ணுதுங்க?"

"பொய் சொல்லுது" என்றார் பாலுசாமி.

"எப்பிடிங்க?"

"திரையில ஒண்ணு காட்டுது, தறியில வேறொண்ணு நெய்யுது."

அவர் பட்டறை நெய்வது சேலை. முந்தியில் மயில், கரையில் மாங்காய் என்று எது வேண்டுமோ அதை முதலில் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைய வேண்டும். ஒரு கட்டம் என்பது தறியில் ஓர் இழை. கட்டம் கறுப்பாக இருந்தால் இழை தூக்கும், வெள்ளையாக இருந்தால் தூக்காது. அந்தப் படத்தைப் பென்டிரைவில் போட்டுத் தறிமேல் இருக்கும் ஜக்கார்டில் சொருகினால் அது பார்த்துக்கொள்ளும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் விட்ட பாலுசாமிக்கே இவ்வளவும் தெரியும். ஒரு கட்டம் மாறினால் மயிலின் கழுத்தில் ஒரு புள்ளி. நாலு கட்டம் மாறினால் நாலு புள்ளி. மாற்றினது யார் என்பதுதான் பேச்சு.

சஹீர் பக்கத் தகட்டைக் கழற்றினான். உள்ளே ரேம் நாலும் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சிவப்புப் புள்ளி.

"என்னுங்கய்யா இது? பொட்டு வெச்சுக் கூட்டீட்டு வந்திருக்கறீங்க?"

"தறிக்குப் பூசற பெயின்ட்டு. நீ மாத்திக்கீத்திப் போட்டீன்னா தெரியோணுமில்ல?"

சஹீர் சிரித்துவிட்டான். "நல்லதுங்க. நாலுக்கும் வெச்சிருக்கறீங்க, எனக்கும் ஒண்ணு வெச்சுருங்க. சாங்காலம் ஊட்டுக்குப் போறது நாந்தானான்னு பாத்துக்கலாம்."

பாலுசாமி சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்து மேசையை ஒட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "எத்தன நேரமானாலும் நான் இங்கயேதான் இருப்பேன்" என்றார்.

"ரேம் டெஸ்ட் போட்டுப் பாத்தர்றனுங்க. படத்தைத் தொறந்தா அது வந்து உக்காற எடம் ரேம்தான். அங்க ஒரு புள்ளி மாறுச்சுன்னா, சேவ் பண்றப்ப மாறுனபடியேதான் சேவ் ஆகும். தப்பிருந்தா செவப்பா வரி வருமுங்க. இல்லீன்னா ஒண்ணும் வராது."

சஹீர் ஒரு பென்டிரைவைச் சொருகினான். திரை நீலமானது. எண்கள் ஓட ஆரம்பித்தன.

பாலுசாமி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மெசின் கெட்டிருந்தால் அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்தக் கிழவர் இத்தனை தூரம் சுமந்து வந்திருக்கிறார் என்று சஹீர் நினைத்திருப்பான். அது அப்படியில்லை. சிவப்பு வரி வந்துவிடக் கூடாது, வந்துவிடக் கூடாது என்றுதான் அவர் வேண்டிக்கொண்டிருந்தார். மெசின்மேல் தப்பில்லை என்று வர வேண்டும். வந்தால்தான் அவர் செய்தது சரி.

அவர் செய்தது இது.

மகள் ரித்திகாதான் முதலில் அந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தவள். ஒற்றைப் பிள்ளை. துணி டிசைனுக்கென்றே படித்துவிட்டு வந்து அப்பன் பட்டறையில் சேலை வரைந்தாள். ஒன்றரை வருசம் நன்றாகத்தான் போயிற்று. நடுநடுவே திரை நின்றுபோகிறது, தானாக அணைந்து எரிகிறது என்பாள். "நீ கண்டதை நோண்டறே, அதான்" என்பார் இவர். அப்புறம் சேலையில் புள்ளி விழ ஆரம்பித்தது. ஒரு கல்யாணத்துக்கு நெய்த நாற்பது சேலையும் மயில் கழுத்தில் புள்ளியோடு திரும்பி வந்தது. அடுத்த டிசைனிலும் விழுந்தது. மூன்றாவதிலும்.

அதே சமயத்தில் திருப்பூரில் ஒரு கம்பெனி அவளை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. இவர் விடமாட்டேன் என்றிருந்தார். பாலுசாமிக்கு அது போதும், முடிச்சுப் போட்டுவிட்டார். வேலைக்குப் போவதற்காக வேண்டுமென்றே கெடுக்கிறாள்.

"நான் வரைஞ்சது சரியா இருந்துச்சுங்கப்பா. நீங்களே பாத்தீங்க. மெசின்லதான் என்னமோ இருக்குது."

"மெசினுக்கு என்ற மேல என்ன பகை? மனுசனுக்குத்தான் பகை இருக்கும்."

பட்டறையில் எட்டுப் பேர் நின்று கேட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார் இதை. அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்கு வா என்றார். தனக்கு அநியாயம் செய்தது இன்னார் என்று தெரியாதவர்கள் அங்கே போய் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசிவிட்டு வருவார்கள். செய்தவனை அம்மன் காட்டிக் கொடுப்பாள் என்பது நம்பிக்கை. திருட்டுக் கொடுத்தவர்கள் போவார்கள், நிலத்தைப் பறிகொடுத்தவர்கள் போவார்கள். பெற்ற மகளைக் கூட்டிக்கொண்டு அப்பன் போனதாக பாலுசாமி கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் போனார். வரமாட்டாள், அழுது ஒத்துக்கொள்வாள் என்று நினைத்தார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள்.

அங்கே போனதும், "நகருங்கப்பா, நானே அரைக்கறேன்" என்று உட்கார்ந்துவிட்டாள். வெறுங்கையால் வழித்து வழித்து அரைத்தாள். கல்லில் பூசினாள். திரும்பி வரும்போது பொள்ளாச்சி தாண்டுகிற வரைக்கும் இரண்டு கையையும் பஸ் ஜன்னலுக்கு வெளியே காற்றில் நீட்டிக்கொண்டு வந்தாள். எரிகிறதா என்று இவர் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவர் மனைவி சின்னாத்தாள் மகளுடைய கையை மோர்ச்சட்டியில் முக்கி வைத்துக்கொண்டு அழுதாள். பத்தாம் நாள் ரித்திகா திருப்பூருக்குப் போய்விட்டாள். அங்கேயே ஒரு அறை எடுத்துத் தங்கிக்கொண்டாள்.

அவள் போனபிறகு புள்ளி நின்றுவிட்டது. அதுதான் கேடு. பழைய டிசைன்களையே ஓட்டினார்கள், கம்ப்யூட்டரை யாரும் திறக்கவில்லை, புள்ளி எங்கிருந்து விழும்? அது பாலுசாமிக்குத் தோன்றவில்லை. "பாத்தீங்களா, ஆளு போச்சு, புள்ளி போச்சு" என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். சொந்தக்காரர்கள் வீட்டு விசேசங்களில் சொன்னார். மகளைப் பற்றி.

வருசம் ஒன்று கழிந்து புது டிசைன் இல்லாமல் முடியாது என்றானபோது வெங்கடபதி என்று ஒருவரை வைத்தார். ஐம்பது வயதுக்காரர், பத்துப் பட்டறையில் வேலை பார்த்தவர், திருப்பூர்க் கம்பெனி எதுவும் அவரைக் கூப்பிடவில்லை. அவர் வரைந்த முதல் சேலையிலேயே புள்ளி விழுந்தது.

பாலுசாமி வெங்கடபதியின் முதுகுக்குப் பின்னால் நாற்காலி போட்டு நாலு நாள் உட்கார்ந்து பார்த்தார். அந்த மனிதர் எதையும் மாற்றவில்லை. திரையில் சரியாக இருந்தது. சேவ் செய்து, மூடி, திறந்தால் மயிலின் வாலில் ஒரு புள்ளி.

"ஏனுங்க, இதுக்கு முன்னாடி இருந்தவங்க ஒண்ணும் சொல்லலீங்களா?" என்று வெங்கடபதி கேட்டார்.

சொன்னாள். அதற்குத்தான் மிளகாய் அரைத்தது.

டெஸ்ட் ஓட ஆரம்பித்துப் பதினோராவது நிமிசத்தில் சஹீர் கடைத் திரையில் ஒரு சிவப்பு வரி வந்தது. கூடவே இன்னொன்று. பிறகு மளமளவென்று பாதித் திரை சிவந்துபோயிற்று.

"பாத்தீங்களா" என்றான் சஹீர். "ரேம்தானுங்க."

பாலுசாமி ஸ்டூலைத் திரைக்கு இன்னும் கிட்டே நகர்த்தினார். பிறகு மெதுவாகக் கேட்டார். "இது எப்பக் கெட்டிருக்கும்?"

"அதெப்பிடிங்க சொல்றது?"

"ஒரு ரேம் கெட்டுப்போயிருக்கும். போன மாசம் கெட்டிருக்கும். மழை இடி இருந்துச்சு, கரண்டு எச்சாக் கம்மியா வந்துச்சு. அப்பத்தான் கெட்டிருக்கும். அப்பிடித்தான?"

கெஞ்சுகிற மாதிரி இருந்தது குரல். சஹீருக்கு ஏன் என்று புரியவில்லை. "இருக்கலாமுங்க. ஒவ்வொண்ணாக் கழட்டிப் போட்டுப் பாத்தாத் தெரிஞ்சு போகும். நேரமாகுமுங்க, பரவால்லீங்களா?"

"ஆகட்டும்."

போன மாசம் கெட்டிருந்தால் பிழைத்தார். இப்போது விழுகிற புள்ளி ரேமால், அன்றைக்கு விழுந்த புள்ளி மகளால். இரண்டும் வேறு வேறு. அந்த ஒரு கயிறைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சஹீர் மூன்றைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு ஒன்றை மட்டும் விட்டான். முக்கால் மணி நேரம் ஓடிற்று. வரி வரவில்லை. "இது நல்லதுங்க." அடுத்தது. கடைக்கு யார் யாரோ வந்தார்கள், பிரிண்டருக்கு மை வாங்கினார்கள், போனார்கள். இரண்டாவதும் நல்லது. சஹீர் சாப்பிடக் கூப்பிட்டான், இவர் வேண்டாம் என்றார். வாங்கிவந்து கொடுத்த டீயைக் குடித்தார். மூன்றாவதிலும் ஒரு வரியில்லை. நாலாவதைப் போடும்போது பாலுசாமி எழுந்து நின்றுகொண்டார். அது கெட்டது, அது கெட்டதாகத்தான் இருக்க வேண்டும் என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார். திரையைப் பார்த்து வாய்க்குள், "வா, வா" என்றார். காலையில் வராதே என்றவர்.

வரவில்லை.

"நாலு ரேமும் நல்லதுதானுங்க" என்றான் சஹீர். நல்ல சேதி சொல்கிறவன் போலத்தான் சொன்னான். "ஒண்ணும் மாத்த வேண்டீதில்ல. உங்களுக்குச் செலவே இல்லீங்க."

"அப்பறம் எப்பிடிச் செவப்பு வந்துச்சு?"

"வேகமுங்க. தனித்தனியா அந்த வேகத்துல ஓடுது. நாலும் சேந்து அதே வேகத்துல ஓடுன்னா இந்த போர்டு தாங்க மாட்டேங்குது. இப்பப் பாருங்க."

நாலையும் திரும்பச் சொருகினான். எதையோ திறந்து, 3600 என்றிருந்ததை 2666 என்று மாற்றினான். டெஸ்ட்டை ஓட விட்டான். பதினோராவது நிமிசம் வந்தது, போயிற்று. அரை மணி போயிற்று. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். திரை நீலமாகவே இருந்தது.

"இன்னீமே ஒரு புள்ளி விழுகாதுங்க."

தறிக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நிமிசத்துக்கு நூற்றைம்பது ஓடுகிற தறியைப் புல்லி மாற்றி இருநூறு ஓட விட்டால் இழை அறும். அறுகிற இழையைப் பார்த்து நெய்கிறவளைத் திட்டுகிறவன் முட்டாள். அவர் பட்டறையில் புல்லியில் கை வைத்தவனை அன்றைக்கே அனுப்பிவிடுவார்.

"அப்ப இது..." என்று ஆரம்பித்தார். "வாங்குன நாள்லருந்தே இப்பிடித்தானா?"

"ஆமாங்கய்யா. மொதல்ல எப்பவாச்சும் ஒண்ணு விழுந்திருக்கும். நாளாக நாளாக, சூடு ஏற ஏற, எச்சாகியிருக்கும்."

"அப்ப நீதான ஏமாத்தியிருக்கறே!" பாலுசாமி மேசையைத் தட்டினார். மேசைமேல் இருந்த திருகாணிகள் குதித்தன. "தாங்காதுன்னு தெரிஞ்சு ஏன்டா போட்டுக் குடுத்தே?"

சஹீர் கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "நீங்கதானுங்கய்யா போடச் சொன்னீங்க" என்றான்.

அவன் சொல்லச் சொல்ல எல்லாம் ஞாபகம் வந்தது. வாங்கிக்கொண்டு போன மறுநாளே பாலுசாமி திரும்பிவந்து இதே மேசைமுன் நின்றிருந்தார். நாலு குழி இருக்கிறது, இரண்டில்தான் ரேம் இருக்கிறது, மீதி இரண்டை எவன் கழற்றினான் என்று சத்தம் போட்டார். கழற்றவில்லை, இரண்டே போதும் என்று சஹீர் சொன்னதை நம்பவில்லை. நாலையும் நிரப்ப வைத்தார். அதோடும் விடவில்லை. அட்டைப்பெட்டியில் 3600 என்று போட்டிருக்கிறது, திரையில் 2666 என்று காட்டுகிறது. முப்பத்தாறு சொல்லி இருபத்தாறைத் தலையில் கட்டுகிறாயா, நான் என்ன படிக்காதவன் என்று பார்த்தாயா என்று தெருவே கேட்கக் கத்தினார். பெட்டியில் இருப்பது உச்ச வேகம், எல்லா மெசினும் தாங்காது என்று சஹீர் தலைபாடாக அடித்துக்கொண்டான். போடு என்று நின்றார். போட்டான்.

"உங்க பாப்பாவும் கூட வந்திருந்துச்சுங்க" என்றான் சஹீர். "வேண்டாங்கப்பா, இருக்கறதே போதும்னு சொல்லுச்சு. நீங்கதான், உனக்கு ஒண்ணும் தெரியாது சும்மா இருன்னீங்க. பாப்பா நல்லாருக்குதுங்களா?"

பாலுசாமி ஸ்டூலில் உட்கார்ந்தார்.

ஒருத்தரையும் நம்பாமல் வாழ்ந்ததில் தனக்கு ஒரு நஷ்டமும் வந்ததில்லை என்று எழுபது வருசமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். வந்தது எங்கே என்று இப்போது தெரிந்தது.

கொஞ்சம் கழித்து எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "இது இங்கயே கெடக்கட்டும். அப்பறமா வாரேன்" என்றார். கம்ப்யூட்டரை, நாலு ரேமோடு, அப்படியே விட்டுவிட்டு நடந்தார்.

திருப்பூர் பஸ் சூலூர் வழியாகத்தான் போகிறது. அவருடைய ஊர் வந்தது, இறங்கவில்லை. மகள் இருக்கும் இடம் தெரியும். சின்னாத்தாள் மாசம் ஒருமுறை பருப்புப் பொடியும் எள்ளுருண்டையும் கட்டி எடுத்துக்கொண்டு போய்வருகிறாள். எங்கே போகிறாய் என்று இவர் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. ஆனால் கம்பெனி பேரையும் பஸ் ஸ்டாப் பேரையும் காலண்டருக்குப் பின்னால் எழுதி வைத்திருந்தாள், இவர் கண்ணில் படட்டும் என்றே.

வேலை விடும் நேரம். வாசலில் நின்றிருந்தவரை ரித்திகா தூரத்திலேயே பார்த்துவிட்டாள். நடை ஒரு நொடி தயங்கிற்று. பிறகு நேரே வந்தாள்.

"அம்மாவுக்கு ஒண்ணுமில்லீங்களே?"

"இல்ல கண்ணு."

"அப்பறம் என்னுங்க?"

வரும் வழியெல்லாம் யோசித்து வைத்ததெல்லாம் எங்கோ போயிற்று. "புள்ளி மெசின்லதான் விழுந்துச்சு" என்றார். "இன்னிக்குக் காட்டுனாங்க. ரேமோட வேகமாம். நான்தான் வைக்கச் சொன்னேன்."

ரித்திகா அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கும் என்று எதிர்பார்த்தார். கலங்கவில்லை.

"எவ்வளவுக்குக் கொறைச்சாங்க?"

"இருபத்தாறு."

"ம்." வேலை தெரிந்தவள் கேட்கிற மாதிரிக் கேட்டுக்கொண்டாள். "நான் அதைத்தானுங்கப்பா கேட்டேன். வேகத்தைக் கொறைச்சு ஒரு தடவை பாத்தர்றேன்னு. தப்பை மறைக்கறதுக்கு மெசினை நோண்டறேன்னு சொல்லி ரூமைப் பூட்டிப் போட்டீங்க."

அது அவருக்கு மறந்தே போயிருந்தது. பூட்டினது. சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டது.

"தப்புப் பண்ணிப்போட்டேன் அம்மணி. ஊட்டுக்கு வந்துரு. பட்டறையில நானே எல்லார்த்துகிட்டயும் சொல்றேன். சொந்தம் ஒறம்பரைக வீடு வீடாப் போயிச் சொல்றேன். மெசினு உனக்குத்தான், நான் தொட மாட்டேன்."

வேலை முடிந்து போகிறவர்கள் இவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒருத்தி, "யாருடி?" என்று சைகையில் கேட்டாள். ரித்திகா பதில் சொல்லாமல் கையைக் காட்டி அனுப்பினாள்.

"ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க" என்றாள். "இன்னிக்கு டெஸ்ட்டுல ஒண்ணும் வரலீன்னு வைங்க. மெசின் நல்லாருக்குதுன்னு வந்திருந்தா, நீங்க இங்க வந்திருப்பீங்களா?"

பாலுசாமி வாயைத் திறந்தார். வந்திருப்பேன் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அவள் பெண்பிள்ளை, நம்பிக்கூட விடுவாள். ஆனால் காலையில் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து சிவப்பு வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டது அவர்தானே. இவள் கெட்டவளாகவே இருக்கட்டும், நான் தப்பாமல் இருந்தால் போதும் என்று.

"வந்திருக்க மாட்டேன்" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். கோபம் ஒன்றும் இல்லை முகத்தில். "நீங்க மெசினைத்தானுங்கப்பா இப்ப நம்பறீங்க. என்னை இல்ல."

"கண்ணு..."

"இருட்டீரும். வாங்க, பஸ் ஏத்தி விடறேன். மத்தியானம் சாப்பிட்டீங்களா?"

"இல்ல."

எதிர்க்கடையில் இரண்டு பன் வாங்கிக் கொடுத்தாள். நின்றுகொண்டே தின்றார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். அவர் குடித்து முடிக்கிற வரைக்கும் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் செய்கிற எல்லாம் செய்தாள். ஒன்றும் குறையில்லை.

பஸ் வந்தது. கூட்டம். அவள் முன்னால் ஏறி ஒரு பையனை எழுப்பி இவருக்கு இடம் பிடித்தாள். இறங்கும்போது கண்டக்டரிடம் சொன்னாள்.

"ஏனுங்க, இந்தப் பெரியவரைச் சூலூர்ல எறக்கி விட்ருங்க. கண்ணு செரியாத் தெரியாது."

பஸ் கிளம்பிற்று. கண்டக்டர் சீட்டுக் கிழிக்க வந்து குனிந்தார்.

"யாருங்க பெரியவரே அந்தப் பொண்ணு? ரொம்ப அக்கறையாச் சொல்லீட்டுப் போகுது."

பாலுசாமி ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தார். அவள் ரோட்டைக் கடந்து போய்க்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"சூலூர் ஒண்ணு குடுங்க" என்றார்.